பழைய வீட்டில் கிடைத்த இரும்புப் பந்து, தகர வில்லை, நீளப்பிடிச் சுத்தி: இவை ரயில்வேப் பொருள்கள்தாமா?

புளியரைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செங்கோட்டையிலிருந்து கோட்டைவாசல் வழியாகக் கேரளத்துக்குள் நுழையும் சாலையில், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் உள்ள புளியரை எங்கள் ஊர். என் அம்மாவின் அப்பா மீட்டர்கேஜ் காலத்தில் பகவதிபுரம் பக்கம் ரயில்பாதை கேங்கில், அதாவது பாதையைப் பராமரிக்கும் தொழிலாளர் குழுவில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது உயிருடன் இல்லை. அவருடைய ஓட்டு வீட்டைப் பிரித்துக் கட்டுவதற்காகப் பரணைக் காலி செய்தபோது, சாக்கில் சுற்றியபடி சில இரும்புச் சாமான்கள் கிடைத்தன. வீட்டில் எவருக்கும் அவற்றின் பெயரோ பயனோ தெரியவில்லை. படம் ஏற்ற இணைய வேகம் போதவில்லை. ஆகையால் இயன்றவரை எழுத்திலேயே விவரிக்கிறேன்.

முதலாவது, ஓர் இரும்புப் பந்து. கையில் எடுத்தால் உள்ளங்கை நிறைகிறது. எடுத்தவுடன் கை சற்றுத் தாழும் அளவுக்குக் கனம். துரு அதிகம் இல்லை. கைபட்டுக் கைபட்டு மழுங்கிய வழவழப்பு தெரிகிறது. அதன் மேனியில் எஸ்.சி.டி. என்றும் பி.ஜே.எம். என்றும் ஆங்கில எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. அவற்றுக்கு அருகில் 17 என்ற எண்ணும், சற்றுத் தள்ளி 'ஏ' என்ற ஒற்றை எழுத்தும் இருக்கின்றன.

இரண்டாவது, தட்டையான வட்டத் தகர வில்லை. மூடி திறக்கும் டப்பா போலத் தோன்றினாலும் மூடி திறக்கவில்லை. விளிம்பு முழுவதும் மடித்து அடைக்கப்பட்டிருக்கிறது. இரு பக்கமும் ஈயம் போன்ற மெல்லிய உலோகப் பட்டைகள் நீண்டிருக்கின்றன, அவை கையால் வளைக்க எளிதாக வளைகின்றன. மேற்புறத்தில் ஏதோ முத்திரை இருந்திருக்கிறது, படிக்க முடியவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க, நாளை தகரம் வெட்டும் கத்தரியால் திறக்கலாம் என்று என் தம்பி சொல்கிறான்.

மூன்றாவது, ஒரு சுத்தி. வழக்கமான கொல்லன் சுத்தியைவிடத் தலை ஒடுக்கம், பிடி மட்டும் மிக நீளம். தலையின் ஒரு முனை அடிபட்டு அடிபட்டு விளிம்பு வெளிப்பக்கமாகப் பிதுங்கிச் சுருண்டிருக்கிறது.

இவற்றோடு தொடர்பில்லாத இன்னொரு கேள்வியும் உண்டு. எங்கள் பள்ளிக்கூடத்தில் மணிக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டு ஒன்று வேப்பமரத்தில் தொங்குகிறது. அது 1904-இல் இந்த மலைப்பாதை திறந்தபோது போட்ட தண்டவாளம் என்று ஊரில் சொல்கிறார்கள். அதன் நடுப்பகுதியில் புடைப்பாக டி, ஐ, எஸ், சி என்ற ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன. அதற்குப் பிறகு துண்டு அறுபட்டுவிட்டது. மறுபக்கம் 19 என்ற இரண்டு இலக்கங்கள் மட்டும் நிற்கின்றன. ஊர்ப்பேச்சு சரிதானா என்று அறிய ஆவல்.

தென்காசி இரும்புக்கடை எழுதியது:

பந்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் கடைக்கு வரும் பழைய இரும்பில் உருண்டையான பொருள்கள் பெரும்பாலும் இரண்டு வகை. விளையாட்டில் எறியும் குண்டு ஒன்று. அதில் எடை மட்டும் பொறித்திருக்கும். சிமென்ட் ஆலைகளில் அரைப்பு உருளைக்குள் போடும் எஃகுக் குண்டு மற்றொன்று. அது தேய்ந்து தேய்ந்தே அளவு குறையும், எழுத்து எதுவும் அதில் நிற்காது. உங்கள் பந்து இரண்டிலும் சேரவில்லை. எஸ்.சி.டி. என்பது செங்கோட்டை நிலையத்தின் குறியெழுத்து என்பது இந்தப் பக்கத்தில் டிக்கெட் எடுக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே சந்தேகமில்லாமல் ரயில்வேச் சாமான். விலை பேசி எவரேனும் வந்தால் கொடுத்துவிடாதீர்கள்; ரயில்வே முத்திரை உள்ள எதையும் நாங்கள் கடையில் தொடுவதே இல்லை.

நடைபாதை ஆய்வு எழுதியது:

மற்றவற்றை அப்புறம் பேசலாம். முதலில் அந்தத் தகர வில்லையைப் பற்றி.

தம்பியிடம் உடனே சொல்லிக் கத்தரியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் விவரிப்பது, இரு பக்க ஈயப் பட்டை உட்பட, டெட்டனேட்டர் எனப்படும் வெடி சிக்னலுடன் முழுவதும் பொருந்துகிறது. தகரக் கூட்டுக்குள் வெடிமருந்து இருக்கிறது. அதன் வேலை, சக்கரம் ஏறி நசுங்கும்போது ஓட்டுநர் காதில் விழும்படி வெடித்து எச்சரிப்பது. அந்தப் பட்டைகள் தண்டவாளத்தின் தலையைச் சுற்றி வளைத்து மாட்டுவதற்கு உரியவை. மூடுபனியில் சிக்னல் கண்ணுக்குத் தெரியாதபோதும், பாதையில் திடீரென்று ஆபத்து நேர்ந்தபோதும் இதைப் பயன்படுத்துவார்கள். தண்டவாளம் முறிந்ததையோ மண் சரிந்ததையோ கண்ட ஊழியர், அகலப்பாதையில் ஆபத்து இடத்திலிருந்து 600 மீட்டரில் ஒன்றும், 1200 மீட்டரில் 10 மீட்டர் இடைவெளி விட்டு மூன்றும் வைத்துவிட்டுச் சிவப்புக் கொடியோடு நிற்க வேண்டும். மீட்டர்கேஜில் அந்தத் தொலைவு 400, 800 மீட்டர். இருட்டிலும் மழையிலும் மலைச்சரிவில் ஓடி ஓடி இதை வைத்தவர்களால்தான் எத்தனையோ வண்டிகள் நின்றிருக்கின்றன.

சக்கரத்தின் அழுத்தத்தில் வெடிக்கும்படி செய்த பொருள் என்பதால் அடி, அழுத்தம், சூடு, உராய்வு ஆகியவற்றை அது தாங்காது. ஒவ்வொன்றிலும் தயாரித்த ஆண்டு முத்திரையிடப்பட்டிருக்கும். குறித்த ஆயுள் கடந்தவற்றைத் துறையே கணக்கு வைத்து, ஆட்களைத் தள்ளி நிறுத்தி, முறைப்படி அழித்துவிடும். பரணில் வெயில் காய்ந்து ஈரம் ஏறிக் கிடந்த பழைய வில்லை "செத்துப்போயிருக்கும்" என்று எவரும் நினைக்கக் கூடாது. வெடித்தால் தகரச் சிம்புகள் பறக்கும். கண் போகும், கை போகும்.

ஆகையால் அதை இருந்த இடத்திலேயே விடுங்கள். பட்டையை இனி வளைத்துப் பார்க்க வேண்டாம். பைக்கில் வைத்து நிலையத்துக்குக் கொண்டு போகவும் வேண்டாம். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல், செங்கோட்டை நிலைய அதிகாரிக்கோ காவல் நிலையத்துக்கோ தகவல் சொன்னால் அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள். தாத்தா கேங்கில் இருந்தவர் என்றால் இது அவரிடம் இருந்ததில் வியப்பில்லை. பாதையில் நடக்கும் ஊழியர் கையில் கொடியும் டெட்டனேட்டரும் எப்போதும் இருக்க வேண்டும் என்பது விதி.

ஓய்வுபெற்ற மாஸ்டர், புனலூர் எழுதியது:

டெட்டனேட்டர் பற்றி முந்தைய பதிவில் சொன்னதை ஒரு சொல் விடாமல் கடைப்பிடியுங்கள். நான் பந்தைப் பற்றி எழுதுகிறேன். அதைப் பற்றி எழுத எனக்கு உரிமையும் உண்டு. பணிக்காலத்தில் பெரும்பகுதி அந்தப் பந்தை எடுப்பதிலும் போடுவதிலுமே கழிந்தது.

நண்பரே, உங்கள் கையில் இருப்பது நீல் பந்து டோக்கன். செங்கோட்டைக்கும் பகவதிபுரத்துக்கும் இடையிலான ஒற்றைத் தடத்தில் ஒரு வண்டி நுழைய ஓட்டுநருக்குக் கொடுக்கும் கைச்சான்று அதுதான். எஸ்.சி.டி. செங்கோட்டை, பி.ஜே.எம். பகவதிபுரம். 17 என்பது அந்தப் பிரிவுக்கு உரிய பந்துகளில் அதன் வரிசை எண். 'ஏ' என்பது அமைப்பின் வகை. ஏ, பி, சி, டி என்று வகை பிரித்திருப்பதற்குக் காரணம், ஒரு பிரிவின் பந்து அடுத்த பிரிவின் கருவிக்குள் தவறியும் போகக் கூடாது என்பதே. பகவதிபுரத்தில் ஒரே மேசை அருகில் செங்கோட்டைப் பக்கக் கருவியும் ஆரியங்காவுப் பக்கக் கருவியும் அடுத்தடுத்து நிற்கும். தூக்கக் கலக்கத்தில் மாற்றிப் போட முயன்றாலும் பந்து உள்ளே இறங்காது.

இது ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளைப் பேச்சையும் தந்தியையும் மட்டும் நம்பி அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு, 1874-இல் இங்கிலாந்தின் நார்விச் நகருக்கு அருகே தோர்ப் என்னுமிடத்தில் நடந்த விபத்து சான்று. தந்திச் செய்தியில் நேர்ந்த ஒரு குளறுபடியால் இரண்டு பக்கத்திலிருந்தும் வண்டிகள் விடப்பட்டு, நேருக்கு நேர் மோதின. அதன் பிறகே எட்வர்ட் டயர் என்பவர், இரு நிலையங்களிலும் உள்ள கருவிகளை மின்கம்பியால் பிணைத்து, ஒரு நேரத்தில் ஒரேயொரு வில்லை மட்டும் வெளியே வரும்படி ஓர் அமைப்பைச் செய்தார். டயருடையது தட்டையான வில்லை. நீல் கருவியில் அது பந்தாயிற்று. இந்தியாவின் ஒற்றைத் தடங்களில், குறிப்பாக மீட்டர்கேஜில், இந்தப் பந்துதான் பல தலைமுறை ஓட்டுநர்களுக்குப் பழக்கம்.

நடைமுறை இப்படி இருக்கும். செங்கோட்டை ஸ்டேஷன் மாஸ்டர் கருவியின் பொத்தானை ஒரு முறை அழுத்துவார். பகவதிபுரத்தில் ஒரு தட்டு மணி அடிக்கும். கருவியோடு சேர்ந்த தொலைபேசியை அவர் எடுப்பார், வண்டி எது என்று இருவரும் பேசிக்கொள்வார்கள். பிறகு இரண்டு தட்டு: "லைன் கிளியர் உண்டா?", அதாவது வண்டி வர வழி உண்டா? அவர் வழி கொடுப்பதாக இருந்தால் அதே இரண்டு தட்டைத் திருப்பி அடித்து, பொத்தானை விடாமல் அழுத்திப் பிடிப்பார். இங்கே மின்னோட்டம் காட்டும் கால்வனோமீட்டர் முள் ஒரு பக்கம் சாயும். அந்த முள் சாய்ந்திருக்கும்போதுதான் கைப்பிடி திரும்பும். "லைன் குளோஸ்டு" என்ற நிலையிலிருந்து "ட்ரெயின் கோயிங் டூ" என்ற நிலைக்கு அதைத் திருப்பினால், உள்ளே கடகடவென்று உருண்டு பந்து கைக்கு வரும். அவர் தம் கருவியை "ட்ரெயின் கமிங் ஃப்ரம்" நிலைக்கு மாற்றிக்கொள்வார். அந்தக் கணத்திலிருந்து இரண்டு கருவிகளும் பூட்டு. அந்தப் பந்து மறுமுனைக் கருவியிலோ, வண்டி ரத்தானால் எடுத்த கருவியிலேயோ திரும்ப விழும் வரை, தலைகீழாக நின்றாலும் வேறு பந்தை எடுக்க முடியாது. வண்டி புறப்பட்டதும் மூன்று தட்டு, போய்ச் சேர்ந்ததும் நான்கு தட்டு. ஆறு தட்டு கேட்டால் மட்டும் நெஞ்சு திக்கென்று இருக்கும். பாதையில் ஆபத்து என்று அதற்குப் பொருள்.

எடுத்த பந்தின் எண்ணை வண்டிப் பதிவேட்டில் எழுத வேண்டும். பந்தைத் தோல் பைக்குள் போட்டு வாரால் கட்டுவார்கள். பை ஒரு பெரிய பிரம்பு வளையத்தோடு இணைந்திருக்கும். நிற்காமல் போகும் வண்டிக்கு, பாயிண்ட்ஸ்மேன் எனப்படும் நிலைய ஊழியர் அந்த வளையத்தைத் தூக்கிப் பிடித்தபடி நடைமேடை ஓரம் நிற்பார். எஞ்சினில் உள்ளவர் கையை வளையத்துக்குள் நுழைத்து அப்படியே அள்ளிக்கொள்வார், வந்த பிரிவின் வளையத்தை அதற்கு முன்பே கீழே போட்டுவிடுவார். இரவில் பாயிண்ட்ஸ்மேன் கை தெரிவதற்காகப் பக்கத்தில் விளக்கு பிடிப்பார்கள். வாங்கிய பந்தில் உள்ள எழுத்து தாம் போக வேண்டிய பிரிவுதானா என்று ஓட்டுநர் பார்த்துவிட்டே வேகம் எடுப்பார். உங்கள் பந்தின் வழவழப்புக்கு இதுதான் காரணம். நாள்தோறும் எத்தனை கைகள்!

போக்கும் வரவும் சமமாக இல்லாவிட்டால் பந்துகள் ஒரே பக்கம் சேர்ந்துவிடும். அப்போது சிக்னல் பிரிவு ஊழியர் வந்து, கருவியைத் திறந்து, கணக்கெழுதிக் கையெழுத்து வாங்கி, மிகுதியான பந்துகளை மறு நிலையத்துக்கு எடுத்துப் போவார். மாஸ்டருக்குக்கூடக் கருவியைத் திறக்கும் உரிமை கிடையாது.

இந்த விவரமெல்லாம் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பந்து தொலைந்தால் அது சின்ன விஷயம் அல்ல. அந்தப் பிரிவே முடங்கும். சிக்னல் இன்ஸ்பெக்டர் வந்து கருவியைச் சரிசெய்யும் வரை, ஒவ்வொரு வண்டிக்கும் காகித லைன் கிளியர் டிக்கெட் எழுதித் தர வேண்டும், விசாரணையும் நடக்கும். புதருக்குள் விழுந்த வளையத்தைத் தேடிக் கேங்காட்கள் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆகவே, கேங்கில் இருந்த உங்கள் தாத்தா ஒரு பந்தைச் சும்மா வீட்டுக்கு எடுத்துப் போனார் என்று என்னால் நம்ப முடியவில்லை. அந்த வீட்டில் வேறு எவரேனும் ரயில்பாதை வேலைக்குப் போனார்களா? தாத்தா எந்த ஆண்டு வரை பணியில் இருந்தார்?

புளியரைக்காரன் எழுதியது:

பெரியவர்களுக்கு நன்றி. நிலையத்துக்குத் தகவல் சொன்னோம். உரியவர்கள் வந்து தகர வில்லையை மணல் நிரப்பிய வாளியில் வைத்து எடுத்துப் போனார்கள். தம்பிக்கு வீட்டில் நல்ல பூசை கிடைத்தது.

மாஸ்டர் ஐயா கேட்டதற்குப் பதில்: தாத்தா மீட்டர்கேஜ் ஓடிக்கொண்டிருந்தபோதே ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் என் தாய்மாமா, பாதையை அகலப்படுத்துவதற்காக வண்டிகளை நிறுத்திய பிறகு, பழைய தண்டவாளங்களைப் பெயர்க்கும் ஒப்பந்த வேலையில் கூலிக்குப் போனவர். "ஆரியங்காவு பக்கம் குப்பையோடு குப்பையாகக் கிடந்தது, அப்பாவுக்குப் பிடிக்கும் என்று எடுத்து வந்தேன்" என்று இப்போது சொல்கிறார். தாத்தா அதைக் கடைசிவரை கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாராம். நாங்கள் சட்டப்படி என்ன செய்ய வேண்டும்?

ஓய்வுபெற்ற மாஸ்டர், புனலூர் எழுதியது:

இப்போது பொருந்துகிறது. 2010 செப்டம்பரில் செங்கோட்டைப் பக்க மீட்டர்கேஜ் வண்டிகள் நின்றன. 2018-இல்தான் அகலப்பாதையில் மீண்டும் ஓடத் தொடங்கின. இடையில் நிலையங்களின் பழைய கருவிகள் கழற்றப்பட்டன. ஓடும் காலத்தில் தொலைந்து புதரில் கிடந்த பந்தாக இருந்தால், இந்த மலையில் பெய்யும் இரண்டு பருவ மழைக்கு மேனி முழுவதும் குழி விழுந்து, எழுத்து அழிந்திருக்கும். துரு அதிகம் இல்லை என்று நீங்கள் முதலிலேயே எழுதியிருந்தீர்கள், எழுத்துகளையும் படித்துச் சொன்னீர்கள். ஆகவே கருவியிலிருந்து நேராக வெளியே வந்து, அதிக நாள் வெளியில் கிடக்காத பந்து அது.

சட்டத்தைப் பொறுத்தவரை, ரயில்வே உடைமையை உரிய ஆவணம் இல்லாமல் வைத்திருப்பதற்கென்றே 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பயப்பட வேண்டியதில்லை, நீங்களே முன்வந்து, எப்படிக் கிடைத்தது என்று ஒரு கடிதம் எழுதி, நிலைய அதிகாரியிடம் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். திருச்சியிலும் சென்னைப் பெரம்பூரிலும் ரயில் அருங்காட்சியகங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றுக்கு அனுப்பக் கோரும் வரியையும் கடிதத்தில் சேருங்கள். நீல் கருவி பல இடங்களில் காட்சிக்கு உண்டு. செங்கோட்டை–பகவதிபுரம் என்று பெயர் வெட்டிய பந்து, இந்த மலைப்பாதையைப் பற்றிய எந்தக் காட்சியிலும் இருக்கத் தக்கது. உங்கள் மாமாவின் பெயரைக் கடிதத்தில் மறைக்காமல் எழுதுவதே நல்லது. எடுத்த இடமும் சூழலும் தெரியாத பொருளுக்கு அருங்காட்சியகத்தில் பாதி மதிப்புதான்.

நடைபாதை ஆய்வு எழுதியது:

மீதமுள்ள இரண்டையும் முடித்துவிடலாம்.

சுத்தியைப் பார்த்து முதலில், பெட்டிச் சக்கரங்களைத் தட்டிப் பார்க்கும் கேரேஜ் பரிசோதகரின் சுத்தியோ என்று எண்ணத் தோன்றும். அதற்கும் நீளப்பிடி உண்டு. அவர் சக்கரத்தை ஓசைக்காகத்தான் தட்டுவார். நல்ல சக்கரம் கணீரென்று ஒலிக்கும், விரிசல் விழுந்தது அடைத்த குரலில் பேசும். அப்படித் தட்டும் சுத்தியின் முனை பிதுங்காது. உங்களுடையது விளிம்பு சுருளும் அளவுக்கு அடி வாங்கியிருக்கிறது. எனவே அது கீமேன் சுத்தி. உங்கள் தாத்தா கேங்கில் கீமேனாக இருந்திருக்கலாம்.

கீமேன் என்பவர் தம் எல்லைக்குள் இருக்கும் பாதை முழுவதையும் நாள்தோறும் நடந்து பார்ப்பவர். தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் தாங்கிகளான ஸ்லீப்பர்களில், பழைய வார்ப்பிரும்பு வகையிலும் எஃகுத் தொட்டி வகையிலும் தண்டவாளத்தைப் பிடித்து நிறுத்துவது, ஆப்பு போலச் செருகும் இரும்புச் சாவிதான். வண்டி அதிர அதிர அது தளர்ந்து பின்னுக்கு நழுவும். கீமேன் நடந்துகொண்டே, குனியாமல், அதை ஒரே அடியில் உள்ளே தள்ளுவார். பிடி நீளமாக இருப்பது அதற்காகவே. போகும்போது ஒரு தண்டவாளத்தையும் திரும்பி வரும்போது மற்றொன்றையும் பார்ப்பார். ஒற்றைத் தடத்தில் வண்டி இரு திசையிலும் ஓடுவதால், அடுத்தடுத்த சாவிகளை எதிரெதிர்த் திசையில் அடிப்பது முறை. எல்லாவற்றையும் ஒரே திசையில் அடித்தால், தண்டவாளம் மெல்ல மெல்ல ஒரு பக்கம் நகர்வதை அவை தடுக்க மாட்டா. அளவுக்கு மீறி அடித்தால் ஸ்லீப்பரின் காது உடையும். எனவே அடியில் ஒரு கணக்கு உண்டு. நல்ல கீமேன் ஓசையிலேயே போதும் என்று நிறுத்துவார்.

இனிப் பள்ளிக்கூட மணி. ஊர்ப்பேச்சுக்கு எதிராகச் சொல்வதற்கு வருத்தம்தான். ஆனால் டி, ஐ, எஸ், சி என்ற எழுத்துகளுக்கு அடுத்து அறுபட்ட எழுத்து 'ஓ'வாகத்தான் இருக்க வேண்டும். டிஸ்கோ என்பது ஜாம்ஷெட்பூரின் டாடா இரும்பு எஃகு நிறுவனம். அந்த நிறுவனம் 1907-இல் தொடங்கப்பட்டு, எஃகு வார்த்தது 1912-இல். ஆகவே 1904-இல் திறந்த பாதையில் முதன்முதலில் போட்ட தண்டவாளமாக அது இருக்க வழியில்லை; பிற்பாடு பழையதை மாற்றியபோது வந்தது. 19 என்பது ஆண்டின் முதல் இரண்டு இலக்கம். மீதி இரண்டும் அறுபட்ட துண்டோடு போய்விட்டன. தண்டவாளத்தை உருட்டும்போதே உருளையில் வெட்டிய எழுத்து புடைப்பாகப் பதியும். எடைப்பிரிவு, ஆலைப் பெயர், மாதம், ஆண்டு என்ற வரிசை குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். மணிக்கு அறுத்த துண்டு சிறியது என்பதால் வரிசை முழுதும் அதில் அடங்கவில்லை.

ஆனாலும் எந்த வகைத் தண்டவாளம் என்று கண்டுபிடிக்கலாம். அடித்தட்டிலிருந்து தலையின் உச்சி வரை உயரத்தை அளந்து சொல்லுங்கள். கெஜத்துக்கு 60 பவுண்டு எடையுள்ள 60ஆர் வகை 114.3 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். 75ஆர் ஏறத்தாழ 128.6, 90ஆர் ஏறத்தாழ 142.9. அகலப்பாதையில் பிறகு வந்த 52 கிலோ வகை 156. தலை தேய்ந்திருந்தால் உயரம் சற்றுக் குறையும். அதை உறுதிப்படுத்த எடை உதவும். துண்டின் எடையைக் கிலோவிலும் நீளத்தை மீட்டரிலும் எடுத்து வகுத்து, வரும் எண்ணை 2.016-ஆல் பெருக்கினால் கெஜத்துக்கு எத்தனை பவுண்டு என்று வந்துவிடும். எழுத்துகள் மங்கலாக இருந்தால் சுரண்டாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளை மேலே வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத புடைப்பும் தாளில் ஏறும்.

புளியரைக்காரன் எழுதியது:

மரத்தடியில் நின்றே உயரத்தை அளந்தேன். உச்சி நன்றாகத் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, அதிகபட்ச உயரம் 112 மில்லிமீட்டர். தாள் வைத்துத் தேய்த்ததில், டி என்ற எழுத்துக்கு முன்னால் 'ஆர்' என்று ஒன்று மங்கலாகத் தெரிந்தது, அதற்கு முன் ஒரு சுழியும் இருக்கிறது.

நடைபாதை ஆய்வு எழுதியது:

சுழியும் ஆரும் 60ஆர் அல்லது 90ஆர் என்பதன் வால். 90ஆர் எவ்வளவு தேய்ந்தாலும் 112-க்கு இறங்காது, அதற்கு முன்பே பெயர்த்து எறிந்திருப்பார்கள். எனவே 60ஆர், மீட்டர்கேஜ் தண்டவாளம் என்பதில் ஐயமில்லை. ஒரு பக்கம் சாய்ந்து தேய்ந்திருப்பதால், மலைப்பாதையின் வளைவு ஒன்றில் வெளிப்பக்கத் தண்டவாளமாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். வளைவில் சக்கர விளிம்பு அங்கேதான் உரசும். தேய்மானம் தலையின் உள்பக்க ஓரத்தில் மட்டும் இருக்கிறதா, உச்சி முழுவதும் இருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்தில் மட்டும் என்றால் நான் சொன்னது சரி.

புளியரைக்காரன் எழுதியது:

ஓரத்தில்தான் இருக்கிறது, மறு ஓரம் கூர்மையாகவே நிற்கிறது. தலைமையாசிரியரிடம் சொன்னேன். கோடை விடுமுறையில் இறக்கி எடை போட அவர் சம்மதித்திருக்கிறார், 1904 என்று சுவரில் எழுதியிருப்பதை மட்டும் அதுவரை அழிக்க மாட்டாராம். பந்துக்கான கடிதத்தை மாமாவின் கையெழுத்தோடு திங்கட்கிழமை நிலையத்தில் கொடுக்கிறோம்.